கேட்காமல் எடுத்தது

"வேலை முடிஞ்ச பை அது. இனிமே அதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

ஒரு டாக்டர் இப்படிக் கேட்டார். யாரிடம் தெரியுமா? அந்தப் பையை வயிற்றில் சுமக்கிற பெண்ணிடம் இல்லை. அவள் கணவரிடம்!

நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அதனால் இந்த வாரம் என் வழக்கமான சிரிப்பும் கிண்டலும் கிடையாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணை கோமதி என்று வைத்துக்கொள்வோம். பேரை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "தாராளமா எழுதுங்கக்கா... நாலு பேரு படிக்கட்டும்" என்றாள்.

கோமதி காரைக்குடியில் எனக்கு அடுத்த வீடு. பிறந்தது மானகிரி. நாற்பத்தொரு வயது. கணவர் முருகேசன் லோடு வேன் ஓட்டுகிறார். பையன் பாலிடெக்னிக், பெண் பிளஸ் டூ. கோமதிக்கு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. காலையில் நின்றால் கடை மூடும்வரை நிற்க வேண்டும்.

ஒரு வருஷமாக அவளுக்கு மாதவிலக்கு என்றால் யுத்தம்தான். நாலு நாளில் முடிய வேண்டியது பத்து நாள் போகும். கட்டி கட்டியாகப் போகும். இதில் கொடுமை என்ன தெரியுமா? கடையில் கொடுத்திருக்கும் யூனிஃபார்ம் சேலை சந்தனக் கலர்! உள்ளே துண்டை மடித்து வைத்துக்கொண்டு, குனிய பயந்து, பக்கத்துக் கவுன்டர் பெண்ணிடம் அடிக்கடி "பின்னால பாருடி" என்று கேட்டுக்கொண்டு வியாபாரம் பார்த்திருக்கிறாள். அந்த நாட்களில் மட்டும் வேறு கலர் கட்டிக்கொள்ளட்டுமா என்று மேனேஜரைக் கேட்டாளாம். "எல்லாரும் ஒரே மாதிரி இருந்தாத்தான் கடைக்கு லட்சணம்" என்றாராம் அந்த லட்சணமான மனிதர்.

ஒரு நாள் பட்டுச் சேலைக் கட்டோடு மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகுதான் டாக்டர்.

முருகேசன் என்னிடம் வந்து, "அக்கா, நீங்களும் கூட வாரீகளா? அவுக இங்கிலீஷ்ல ஏதாச்சும் சொன்னா எனக்கு வெளங்காது" என்றார். போனேன்.

நல்ல வசதியான தனியார் கிளினிக். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரும் பெண்தான். அதனால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஸ்கேனைப் பார்த்தார். கோமதியைப் பார்க்கவே இல்லை. முருகேசனைப் பார்த்து, "குழந்தைங்க எத்தனை? குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியாச்சா?" என்றார். அவர் தலையாட்டியதும்தான் அந்த 'வேலை முடிஞ்ச பை' வசனம்.

"கட்டி இருக்கு. விட்டா கேன்சராகூட மாறலாம். நாளைக்கே அட்மிட் பண்ணிடுங்க. எல்லாத்தையும் சேத்து எடுத்துட்டா பிற்காலத்துல தொல்லையே இல்லை."

எல்லாத்தையும் என்றால் எதையெல்லாம்? நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த பேஷன்ட் உள்ளே வந்துவிட்டார்.

வெளியே வந்தால் முருகேசனுக்கு முகம் வெளிறிப் போயிருந்தது. கேன்சர் என்ற வார்த்தை அப்படி. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கோமதி பேசினாள்.

"ஏங்க்கா... எம் வயித்துல என்ன இருக்குன்னு கடைசி வரைக்கும் எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

நீங்களே சொல்லுங்கள். பல் டாக்டரிடம் போனால், "இந்தப் பல்லா, அந்தப் பல்லா? பிடுங்கட்டுமா, அடைக்கட்டுமா?" என்று வாயைத் திறந்து வைத்திருப்பவரிடம்தானே கேட்கிறார்? முடி வெட்டுகிறவர்கூட கண்ணாடியில் நம் முகத்தைப் பார்த்து, "போதுமா?" என்கிறார். கர்ப்பப்பை என்றால் மட்டும் ஏன் அடுத்த நாற்காலியைப் பார்த்துக் கேட்கிறார்கள்?

இன்னொரு டாக்டரையும் பார்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அரசு மருத்துவமனைக்குப் போவது என்று முடிவானது. துணைக்கு கோமதியின் அக்கா பஞ்சவர்ணம் வந்திருந்தாள். சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் வாக்கப்பட்டவள். கொஞ்சம் நிலம், கடலை, ஆடு மாடு என்று பாடுபடுகிற குடும்பம்.

பஞ்சவர்ணத்துக்கு நாற்பத்தாறு வயதுதான். பார்த்தால் அறுபது சொல்லலாம். இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணியிருந்தது. களத்தில் லேசாக வழுக்கிக் கையை ஊன்றியதில் ஒடிந்ததாம். உட்கார்ந்த இடத்தில் திடீரென்று வேர்த்துக் கொட்டும். முந்தானையால் விசிறிக்கொள்வாள். சட்டென்று கோபம் வரும், அடுத்த நிமிஷம் கண் கலங்கும். அவளுடைய பிள்ளைகளே, "அம்மாவுக்கு ஏறிருச்சு" என்று கேலி பேசுவார்களாம். ஊரில் வைத்திருக்கும் பட்டப்பேர் 'கிறுக்கி'.

அவளுக்கு முப்பத்தைந்து வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வெள்ளைப்படுதல், வயிற்றுவலி என்று அந்தப் பக்கம் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போயிருக்கிறாள். "எடுத்தா சரியாயிரும்" என்றார்களாம். மருந்து கொடுத்துப் பார்த்தார்களா? டெஸ்ட் எடுத்தார்களா? "அதெல்லாம் தெரியலையே அக்கா. படுக்கச் சொன்னாக, படுத்தேன்" என்றாள்.

அரசு மருத்துவமனையில் வரிசை நீளம். ஆனால் உள்ளே இருந்த டாக்டர் அவசரப்படவில்லை. இவரும் பெண்தான்; முப்பத்தைந்து வயதிருக்கும். கோமதியைத் தனக்கு எதிரே உட்கார வைத்தார். ஒரு தாளில் படம் போட்டார்.

"இதுதான்மா கர்ப்பப்பை. உங்களுக்கு நார்க்கட்டி இருக்கு. ஒண்ணு இல்லை, நிறைய. அதனால பை வீங்கி அஞ்சு மாச கர்ப்பம் மாதிரி இருக்கு. இந்தக் கட்டி கேன்சரா மாறுறது ரொம்ப ரொம்ப அபூர்வம். இருந்தாலும் உள்ளேயிருந்து கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவோம். ரிசல்ட் வரட்டும்."

பிறகு வழிகளைச் சொன்னார். மாத்திரை போட்டு ரத்தப்போக்கைக் குறைத்துப் பார்க்கலாம். சிலருக்குக் கர்ப்பப்பைக்குள் மருந்து வளையம் வைத்தாலே போதும். ஆனால் கோமதிக்குப் பை கோணியிருப்பதால் அது நிற்பது சந்தேகம். கட்டியை மட்டும் எடுக்கலாம். ஆனால் இத்தனை கட்டி இருந்தால் ரத்தம் அதிகம் போகும், மறுபடியும் வரலாம். பையையே எடுத்துவிட்டால் ரத்தப்போக்கு நிரந்தரமாக நிற்கும். பை இந்த அளவு வீங்கியிருப்பதால் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். மயக்க மருந்து, புண்ணில் சீழ், ரத்தப்போக்கு, மூத்திரப்பையில் காயம் – இந்த ஆபத்துகளெல்லாம் குறைவுதான், ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது.

"எதைப் பண்றதா இருந்தாலும் முதல்ல ரத்தத்தை ஏத்தணும். உடம்புல ரத்தமே இல்லை. நிதானமா யோசிச்சுட்டு வாங்க."

நிதானமா யோசிச்சுட்டு வாங்க! இந்த மூன்று வார்த்தைக்காகத்தானே இவ்வளவு தூரம் அலைந்தோம்?

கோமதி இரண்டு கேள்வி கேட்டாள். முதல் கேள்வி, "மறுபடி வேலைக்கு எப்பப் போலாம்?" இரண்டாவது கேள்விக்கு முருகேசனை வெளியே அனுப்பிவிட்டாள். "அதுக்கப்புறம் அவுகளோட... பழையபடி இருக்க முடியுமா டாக்டரம்மா?"

டாக்டர் சிரிக்கவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. "ஒன்றரை ரெண்டு மாசத்துல உள்ள புண்ணு ஆறிடும். நான் பார்த்துட்டுச் சொல்றேன். அப்புறம் தாராளமா இருக்கலாம். சினைப்பை ரெண்டும் உங்களுக்கு நல்லா இருக்கு. அதைத் தொடவே போறதில்லை. ஹார்மோன் அங்கேயிருந்துதான் வருது."

அப்போது பஞ்சவர்ணம் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. டாக்டர் பார்த்துவிட்டார்.

"உங்களுக்கு என்னம்மா?"

"எனக்குப் பழகிப்போச்சுங்க. எனக்கும் எடுத்தாச்சு, முப்பத்தஞ்சு வயசுல."

"சினைப்பையையும் சேர்த்தா?"

"அதெல்லாம் இல்லைங்க. கர்ப்பப்பை மட்டுந்தான்."

"இந்த வேர்வை எப்ப ஆரம்பிச்சது?"

"ஆபரேஷன் பண்ணுன மாசத்துலயே."

டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். எப்படி ஒடிந்தது என்று கேட்டார். பிறகு அவளையும் ஸ்கேனுக்கு அனுப்பினார். திரும்பி வந்ததும், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சினைப்பை ரெண்டுமே தெரியலைம்மா. அப்பவே எடுத்திருக்காங்கன்னுதான் தோணுது."

பஞ்சவர்ணத்துக்கு முதலில் புரியவில்லை. டாக்டர் விளக்கினார். சினைப்பையை எடுத்துவிட்டால், ஐம்பது வயதில் மெல்ல மெல்ல வர வேண்டிய மாற்றம் ஒரே நாளில் வந்துவிடும். உடம்பு கொதிக்கும். தூக்கம் போகும். கோபம், அழுகை எல்லாம் வரும். எலும்பு சீக்கிரமே தேயும். நோய் இருந்து எடுத்திருந்தால்கூட, அந்த வயதில் எடுத்தவர்களை விட்டுவிடக் கூடாது. ஹார்மோன் கொடுக்கலாமா என்று பார்த்து, எலும்பைக் கவனித்து, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

பஞ்சவர்ணம் முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். அப்புறம் கேட்டாள்:

"அப்ப... நான் கிறுக்கி இல்லையா டாக்டரம்மா?"

டாக்டர் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார். "இல்லைம்மா. ஒருநாளும் இல்லை."

வெளியே வந்ததும் பஞ்சவர்ணம் கணவருக்குப் போன் போட்டாள். அவர் பெயர் கருப்பையா. ஸ்பீக்கரைப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவளே போட்டாள்.

"எனக்கு ஆபரேஷன் பண்ணுனாகளே... சினைப்பையவும் எடுத்தாகளா?"

"ஆமா. டாக்டரு தியேட்டர்லேருந்து வெளிய வந்து கேட்டாக. அதையும் எடுத்துட்டா பின்னால தொல்லை இல்லைன்னாக. இனிமே என்ன புள்ளையா பெக்கப் போறா, எடுத்துருங்கன்னேன். இப்ப எதுக்கு அது?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்டச் சொல்ல அதுல என்ன இருக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து கணவரை 'நீங்க' என்று மட்டுமே பேசி வந்தவள் பஞ்சவர்ணம். அன்றைக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் நடுவில், "நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தாள். கோமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதினோரு வருஷம்! பதினோரு வருஷமாக ஒருத்தி தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள். புத்தி சரியில்லையோ, சாமி குத்தமோ என்று திருக்கோஷ்டியூர் பெருமாள் வரைக்கும் போய் வேண்டியிருக்கிறாள். பெற்ற பிள்ளைகள் கேலி பேசியதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அத்தனை நாளும் காரணம் தெரிந்த மனிதர் அதே வீட்டில், அதே கூரைக்குக் கீழ், சோறு சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை!

அந்த நர்சிங் ஹோம் டாக்டரை என்ன சொல்வது? மயங்கிக் கிடப்பவள் எழுந்திருக்கும்வரை காத்திருக்க முடியாதா? அவசரம் என்றால் சரி... உயிர் போகிறது என்றால் சரி... இங்கே என்ன அவசரம்? முன்னாடியே அவளிடம் சொல்லியிருக்க முடியாதா? சரி, எடுத்துவிட்டீர்கள். கண் விழித்த பிறகாவது, "அம்மா, இதையும் எடுத்தோம், இன்னின்ன தொந்தரவு வரும், இப்படிச் சமாளி" என்று ஒரு வார்த்தை? ஒரே ஒரு வார்த்தை?

டாக்டர்கள் எல்லாரையும் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். கர்ப்பப்பையை எடுத்ததால் பிழைத்தவர்கள் எனக்கே தெரிந்து பலர். புற்றுநோய் வந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போனால் எடுத்துத்தான் தாயைக் காப்பாற்றுகிறார்கள். கத்தியின் மேல் எனக்குக் கோபமில்லை. கேட்காமல் நீளும் கையின் மேல்தான் கோபம்.

கோமதி கதைக்கு வருகிறேன்.

டெஸ்ட் ரிசல்ட் வந்தது. புற்றுநோய் இல்லை. இரும்புச்சத்து ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, ரத்தத்தைத் தேற்றினார்கள். அவள் யோசித்தாள். மறுபடியும் போய் டாக்டரிடம் கேட்டாள். கடைசியில் ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"எடுத்துரலாம்னு இருக்கேன்க்கா. மாத்திரையில தள்ளிக்கிட்டே போக எனக்குத் தெம்பில்லை. ஆனா சினைப்பைய வச்சுக்கிருவேன்."

அதே ஆபரேஷன்தான். முதல் டாக்டர் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். அப்புறம் எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்று சில வாசகர்கள் கேட்பீர்கள். ஏறக்குறைய என்று சொன்னேன் பாருங்கள்... அந்தக் கொஞ்ச வித்தியாசத்தில்தான் பஞ்சவர்ணத்தின் பதினோரு வருஷம் இருக்கிறது. தவிர, 'எடுத்துடுங்க' என்று அந்த டாக்டர் சொல்வதும், 'எடுத்துரலாம்' என்று இவள் சொல்வதும் ஒன்றா?

ஆபரேஷன் நாள். வார்டில் ஓர் உதவியாளர் வந்தார். நேராக முருகேசனிடம் போய், "என்ன ஆபரேஷன்னு டாக்டர் சொல்லிட்டாங்களா? சம்மதந்தானே?" என்றார். பழக்கதோஷம்!

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற பஞ்சவர்ணத்திடமிருந்து வந்தது குரல்:

"அங்குட்டு என்னத்தக் கேக்குறீக? வயிறு இங்குட்டு இருக்கு!"

வார்டே திரும்பிப் பார்த்தது. உதவியாளர் ஒரு கணம் திகைத்து, அப்புறம் கோமதி பக்கம் திரும்பி, முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். முருகேசன் கோபித்துக்கொள்ளவில்லை. "அதானே" என்று நகர்ந்து நின்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே பிடித்து நடக்க வைத்தார்கள். இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அழுத்திக்கொண்டு இருமினாள். வலித்தது. அழுதாள். ஆனால் எங்கே வலிக்கும், ஏன் வலிக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு வந்தது இன்னொரு தொல்லை. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள்! "இனிமே ஒடம்பு ஊதிரும்." "உள்ள காலியா இருக்குமே?" ஒரு பெண்மணி, ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே, "இனி நீ பாதிப் பொம்பளதான்டி" என்றாள். பஞ்சவர்ணம் அந்தப் பழத்தை அவள் கையிலேயே திணித்து, "வீட்டுல போயித் தின்னுங்க" என்று அனுப்பிவைத்தாள்.

ஒன்றரை மாசம் கனமாக எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தண்ணீர்க் குடம் முருகேசன். மாவாட்டுவது பையன். சமையல் பஞ்சவர்ணம். ஆமாம், அவள் ஊருக்கே போகவில்லை. தங்கச்சி தேறுகிறவரை இங்கேதான் என்று சொல்லிவிட்டாள்.

நடுவில் ஒரு நாள் கருப்பையா வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். ஒல்லியான மனிதர். வெள்ளை வேட்டி. கெட்ட மனிதர் மாதிரியே தெரியவில்லை – எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. வாசலோரம் நின்றுகொண்டு, "ஆடு மாட்டப் பாக்க ஆளில்ல. எப்ப வாற?" என்றார்.

பஞ்சவர்ணம் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"டாக்டரு கேட்டாக. எனக்கு என்ன தெரியும்? ஒனக்கு நல்லதுன்னுதான் நெனச்சேன்" என்றார்.

"நல்லதுன்னு நெனச்சிருந்தா எங்கிட்டச் சொல்லியிருப்பீக."

அவ்வளவுதான் சொன்னாள். கத்தவில்லை. கருப்பையாவைச் சாப்பிடச் சொன்னார்கள்; வேண்டாம் என்றார். தலையைக் குனிந்தபடி பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார். அவர் மன்னிப்புக் கேட்டிருந்தால் இந்தப் பத்திக்கு அழகான முடிவாக இருந்திருக்கும். கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

கோமதி இப்போது வேலைக்குப் போகிறாள். முகத்தில் ரத்தம் ஓடுகிறது. மாடிப்படியில் மூச்சு வாங்காமல் ஏறுகிறாள். யாரையும் "பின்னால பாருடி" என்று கேட்பதில்லை. "தழும்பு மட்டும் மழை நாள்ல கொஞ்சம் அரிக்குதுக்கா" என்கிறாள்.

பஞ்சவர்ணத்துக்கு எலும்பு டெஸ்ட் எடுத்தார்கள். தேய்மானம் இருக்கிறது. போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மேலும் போகாமல் பிடிக்கலாம் என்றார் டாக்டர். மருந்து, கால்சியம், உடற்பயிற்சி. இரவில் முன்னைவிட தூங்குகிறாளாம். அவளுடைய பிள்ளைகளுக்கு கோமதியே போன் போட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். பெரியவன் போனிலேயே அழுதிருக்கிறான்.

என் வாசகிகளுக்கு ஒன்று சொல்வேன். எடுக்கணும் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள். வேறு வழி இருக்கிறதா என்று கேளுங்கள். எதை எடுப்பீர்கள், எதை விட்டுவைப்பீர்கள் என்று கேளுங்கள். அதற்குப் பிறகு சரி என்பதோ வேண்டாம் என்பதோ உங்கள் இஷ்டம். "இவ்வளவு கேள்வி கேக்குறீங்களே" என்று யாராவது அலுத்துக்கொண்டால் அலுத்துக்கொள்ளட்டும். வயிறு அவர்களுடையது இல்லையே!

பஞ்சவர்ணம் இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டாள். போன வாரம் போன் செய்தாள். அவர்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். இவளே காரைக்குடி பஸ்ஸில் ஏற்றி அந்த டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

"அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டேன்.

"வந்தாரு, வந்தாரு. வெளிய டீ குடிச்சிக்கிட்டு இருந்தாரு."

நிதானமாகக் குடிக்கட்டும்.